குச்சி இரும்பு தூக்கிய கதை

"வீட்ல இவரைப் பாத்துக்கப்போறது யாரு?" என்று பிசியோ கேட்டதும், குச்சி கொஞ்சமும் யோசிக்காமல், "நான்தான்" என்றாள்.

பக்கத்தில் நின்ற நாத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி வார்டு என்பது நினைவுக்கு வரவே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கையையும் மீறி ஒரு "க்க்கும்" வெளியே வந்துவிட்டது.

சிரிப்பில் நியாயம் இருந்தது. குச்சி என்ற பெயரே நாத்தனார் வைத்ததுதான். கல்யாணமான புதிதில், "காத்து அடிக்குது, ஜன்னலைச் சாத்துங்க, அண்ணி பறந்துடப்போறாங்க" என்று ஆரம்பித்தவள், பிறகு சுருக்கமாகக் குச்சி அண்ணி ஆக்கிவிட்டாள். அந்தப் பெயர் வீட்டைத் தாண்டி, குச்சி வேலை பார்க்கும் தையல் கடை வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. கட்டிலில் படுத்திருந்த அவள் புருஷனோ பஸ் டிரைவர். ஸ்டீயரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு டிக்கெட்கூட நுழையாது என்று கண்டக்டர்கள் கிண்டல் செய்யும் உடம்பு. ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது அவருடைய வலது கை பிரஷைக் கீழே போட்டது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். பேச்சு மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. வலது கையும் வலது காலும்தான் இன்னும் அடுத்தவர் வீட்டுச் சாமான் மாதிரி கிடந்தன.

கைகால் பயிற்சி கொடுக்கிற அந்தப் பிசியோ சிரிக்கவில்லை. ஒல்லியான, கறாரான பெண். பேசும்போது பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடுவாள்.

"இன்னும் ஆறு வாரம் இவர் இங்க இருக்கலாம். அதுக்குள்ள வீட்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், இவரைக் கட்டில்லேருந்து சக்கர நாற்காலிக்குப் பத்திரமா மாத்திக் காட்டணும். காட்டினா வீட்டுக்கு அனுப்புவேன். இல்லேன்னா பாத்துக்க ஆள் இருக்கிற இடத்துக்குத்தான் அனுப்ப முடியும்."

"அதெல்லாம் நான் பாத்து வெச்சாச்சு மேடம்" என்றாள் நாத்தனார். "ஊருக்கு அந்தக் கோடியில ஒரு இல்லம். சுத்தமா இருக்கு. ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை போட்டிருக்கான். ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துக்கலாம்."

டிரைவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். இடது கை மட்டும் போர்வையைக் கொத்தாகப் பிடித்தது. "அங்க... வேணாம்" என்றார். அந்த இரண்டு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

குச்சி பையைத் தரையில் வைத்தாள். அவருடைய அக்குளுக்குள் இரண்டு கையையும் விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். டிரைவர் ஒரு அங்குலம்கூட அசையவில்லை. அசைந்தது குச்சியின் இடுப்புதான். 'டக்' என்று ஒரு சத்தம். அப்படியே வளைந்து நின்றாள்.

பிசியோ அவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "நீங்க முதல்ல ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள்.

எல்லாரும் சாப்பிட்ட பிறகு பாத்திரத்தில் ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிடுவது சாப்பாட்டில் சேருமா என்று குச்சிக்குத் தெரியவில்லை.

தையல் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு டயர் கடை உண்டு. அங்கிருந்து எப்போதும் இரும்பு மோதும் சத்தம் வரும். டயர் மாட்டுகிறார்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்த அன்றுதான் சத்தம் மாடியிலிருந்து வருவது தெரிந்தது. அண்ணாந்து பார்த்தாள். ஜன்னலில் ஒரு பெண்ணின் முதுகு தெரிந்தது. கதவு அகலத்துக்கு ஒரு முதுகு! அது நிமிர்ந்ததும் கூடவே ஒரு இரும்பு ராடும் இரண்டு பக்கமும் வண்டிச் சக்கரம் மாதிரி பிளேட்டுகளும் எழுந்தன.

இடுப்பு வலித்தது மறந்துபோய் மாடிப்படி ஏறிவிட்டாள். வாசலில் போய் நின்ற பிறகுதான் அது உடற்பயிற்சிக் கூடம் என்று புரிந்தது. உள்ளே வேர்வை நாற்றம், ரப்பர் வாசனை, சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தப் பெரிய முதுகுக்காரிதான் அங்கே பயிற்சியாளர். எல்லாரும் அவளை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். ஒரு காலத்தில் எடை தூக்கும் போட்டிகளில் மெடல் வாங்கியவள். இப்போது ஒரு முழங்கால் அவள் பேச்சைக் கேட்பதில்லை.

"வாங்கக்கா. உடம்பு குறைக்கணுமா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு, குச்சியை மேலும் கீழும் பார்த்து, "இல்ல, ஏத்தணுமா?" என்று திருத்திக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரரைத் தூக்கணும்" என்றாள் குச்சி.

இரும்புச் சத்தம் எல்லாம் நின்றது. மூலையில் கண்ணாடி முன்னால் கையை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன், "தூக்கி எங்கக்கா போடப்போறீங்க?" என்றான்.

கூடம் கொல்லென்று சிரித்தது. குச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டிரைவர் விழுந்த நாளிலிருந்து அவள் சிரிப்பது அதுதான் முதல் தடவை. சிரித்த சூட்டோடு நடந்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. கேட்டவன் தலையைச் சொறிந்துகொண்டு, "மன்னிச்சுக்கங்கக்கா" என்றான்.

அவனுக்கு அங்கே புஜம் என்று பெயர். வங்கியில் வேலை. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். கைகள் தூண் மாதிரி இருக்கும். கால்கள் அந்தத் தூணைத் துடைக்கிற துடைப்பம் மாதிரி. கால் பயிற்சி நாளன்று மட்டும் அவன் வீட்டுக்குத் தவறாமல் விருந்தாளிகள் வந்துவிடுவார்கள்.

மறுநாள் குச்சி டிரைவரின் பழைய யூனிஃபார்ம் பேண்ட்டைத் தன் அளவுக்குத் தைத்துப் போட்டுக்கொண்டு போனாள். வெட்டிய துணியில் இன்னொரு பேண்ட்டும், ஒரு கைப்பையும் தேறின.

இரும்பைத் தொடவே மாஸ்டர் விடவில்லை. கையில் ஒரு துடைப்பக் கட்டையைக் கொடுத்தாள். "முதுகோட ஒட்டி வெச்சுக்கங்க. தலை, முதுகு, இடுப்பு, மூணு இடமும் கட்டையைத் தொடணும். அப்படியே குனிங்க. முதுகு வளையக் கூடாது. பின்னால ஒரு கதவு இருக்கு, ரெண்டு கையிலயும் சாமான் இருக்கு, அந்தக் கதவை எதால தள்ளுவீங்க?"

குச்சிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் தள்ளினாள். இல்லாத அந்தக் கதவை ஒரு வாரம் தள்ளினாள். தையல் கடையில் விழுந்த ஊசியை எடுக்கும்போதுகூட அப்படியே குனிந்தாள். முதலாளியம்மா, "என்னடி, எனக்கு வணக்கம் வைக்கிறியா, ஊசிக்கா?" என்றாள்.

சாப்பாட்டுக் கதை தனி. "நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க?" என்று மாஸ்டர் கேட்டாள். டீ, ரொட்டி, டீ, கொஞ்சம் சோறு, டீ என்று குச்சி சொன்னதும் மாஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"செங்கல் இல்லாம சுவர் கட்டப்போறீங்களா? பவுடர் கிவுடர் ஒண்ணும் வேணாம், காசு தண்டம். முட்டை, பருப்பு, தயிர், மீன், வேர்க்கடலை, எது முடியுதோ அது. ஆனா ஒவ்வொரு வேளையும் இருக்கணும். அப்பறம் இன்னொண்ணு. உங்க தட்டுல முதல்ல போட்டுட்டுத்தான் மத்தவங்களுக்குப் போடணும்."

"அது எப்படி மாஸ்டர்..."

"மெஷினுக்கு எண்ணெய் விடாம தைப்பீங்களா?"

குச்சி தலையாட்டினாள். மெஷின் என்றால் அவளுக்குப் புரியும்.

முட்டை விஷயத்தில் நாத்தனார் கையும் களவுமாகப் பிடித்தாள். ஒரு சனிக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் வந்தவள், குச்சி தட்டில் மூன்று அவித்த முட்டையை வரிசையாக வைத்துக்கொண்டு தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"எங்கண்ணன் அங்க கஞ்சி குடிச்சிக்கிட்டுக் கிடக்கு. நீங்க இங்க கோழி கூவுறதுக்குள்ள அதோட குடும்பத்தையே முழுங்குறீங்களா அண்ணி?"

பழைய குச்சியாக இருந்தால் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அழுதிருப்பாள். இப்போது இரண்டாவது முட்டையை உப்பில் தொட்டு நிதானமாகக் கடித்தாள். "உக்காருங்க. உங்களுக்கும் ரெண்டு அவிக்கவா?"

நாத்தனார் உட்கார்ந்தாள். வந்த கோபத்தில் ஒரு முட்டையைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். போகும்போது வாசலில் நின்று, "இல்லத்து வேனுக்கு நான் சொல்லி வெச்சிடுறேன். அந்தக் கடைசிச் சனிக்கிழமைக்கு. நீங்க மனசைத் தேத்திக்கங்க" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. அண்ணன் தரையில் விழுந்து கிடந்ததை அவளும் பார்த்தவள். மறுபடி அதைப் பார்க்க அவளால் முடியாது, அவ்வளவுதான்.

ராடு முதல் தடவையாகத் தரையை விட்டு எழுந்த நாளைக் குச்சி சாகும்வரை மறக்கமாட்டாள். பக்கத்துக்கு ஒரு சின்னப் பிளேட்தான். ஆனாலும் பிளேட் போட்ட ராடு! குனிந்தாள், பிடித்தாள். "மூச்சை வயித்துக்குள்ள இழுத்துப் பூட்டுங்க" என்றாள் மாஸ்டர். "தரையைக் காலால கீழ தள்ளுங்க." அவள் தரையைத் தள்ளினாள். பூமி கொஞ்சம் கீழே போனது மாதிரித்தான் இருந்தது. நிமிர்ந்து கண்ணாடியில் பார்த்தால், டிரைவர் பேண்ட் போட்ட ஒரு ஒல்லிப் பெண் கையில் இரும்போடு நிற்கிறாள்!

"ஏய், குச்சியக்கா தூக்கிட்டாங்க டோய்!" என்று புஜம் கத்தினான். மொத்தக் கூடமும் கத்தியது. கீழே டயர் கடையில் என்னவோ ஏதோ என்று ஒருவன் எட்டிப் பார்த்தான்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு வாரமும் பிளேட் கூடியது. தையல் கடைக்கு வரும் துணி உருளைகளை இரண்டு பேர் சேர்ந்து இறக்குவது வழக்கம். ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு குச்சி தனியாக உள்ளே போனாள். முதலாளியம்மா கையில் இருந்த டீ அப்படியே நின்றது. திறக்க முடியாத ஊறுகாய் பாட்டில்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளிடம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். படுத்தால் அடித்துப் போட்டது மாதிரி தூக்கம் வந்தது. எழுந்தால் பசித்தது. பசி என்பது இத்தனை சுகமான சமாச்சாரம் என்று யாரும் இதுவரை அவளிடம் சொல்லவில்லை.

கடைசி வாரத்துக்கு முந்திய வாரம், "இரும்பு போதும். இனி ஆளு" என்றாள் மாஸ்டர். கூடத்தில் டிரைவரின் எடைக்குப் பக்கத்தில் வருபவன் புஜம் ஒருவன்தான். பெஞ்சில் அவனைப் படுக்கவைத்து, பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டார்கள்.

"நீ இப்ப பக்கவாதக்காரன். உடம்பை அப்படியே விட்டுடு. அக்கா என்ன பண்ணினாலும் நீ ஒத்தாசை பண்ணக் கூடாது."

"அதானே எனக்கு வராது மாஸ்டர்" என்று புஜம் கண்ணை மூடினான். உண்மையில் அவனுக்கு அது பிரமாதமாக வந்தது. அரிசி மூட்டை மாதிரி தொளதொளவென்று கிடந்தான். முதல் தடவை குச்சி அவனை நழுவவிட்டாள். பின்பக்கம் தரையில் மோதி, "யப்பா, கால் பயிற்சிக்கு இனி நான் ஒழுங்கா வந்திடுறேன், விட்டுடுங்க" என்று அலறினான். பத்துப் பதினைந்து தடவை விழுந்து எழுந்து, வாரக் கடைசியில் குச்சி அவனைக் கட்டிப் பிடித்து, மூச்சைப் பூட்டி, ஒரே தூக்காகத் தூக்கி, திரும்பி, நாற்காலியில் வைத்தாள். வைத்தாளா! பூஜாடியை மேஜையில் வைப்பது போல வைத்தாள். மாஸ்டர் அவளைத் தூக்கிச் சுற்றினாள்.

பிசியோ சொன்ன நாள் செவ்வாய்க்கிழமை. மாஸ்டரும் வந்திருந்தாள், வங்கியில் தலைவலி என்று சொல்லிவிட்டுப் புஜமும் வந்திருந்தான். நாத்தனார் ஜன்னலோரம் நின்றாள். டிரைவரைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்திருந்தார்கள்.

குச்சி சக்கர நாற்காலியைப் பக்கத்தில் இழுத்தாள். அதன் பிரேக்கைப் போட்டாள். பிசியோ தலையசைத்தாள். குச்சி டிரைவரைச் சேர்த்துக் கட்டிப் பிடித்தாள். "என்னடி பண்ற" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், மூச்சைப் பூட்டினாள், தரையைத் தள்ளினாள்.

டிரைவர் எழுந்தார். எழுந்தார் என்றா சொல்வது? இரண்டு பாதமும் தரையை விட்டுக் கிளம்பி, செருப்பு ஒன்று கழன்று விழ, அந்தரத்தில் தொங்கினார்! குச்சி திரும்பினாள், அவரை நாற்காலியில் வைத்தாள், நிமிர்ந்தாள்.

வார்டே அதிர்ந்தது. எதிர்க் கட்டில்காரர் ஒற்றைக் கையால் தொடையில் தட்டினார். புஜம் விசில் அடித்தான். நாத்தனார் திறந்த வாயை மூடவில்லை.

பிசியோ பேனாவை மூடினாள். "இது ஆகாது" என்றாள்.

"என்ன மேடம் ஆகாது? தூக்கிட்டாங்கல்ல?" என்று மாஸ்டர் முன்னால் வந்தாள்.

"அதனாலதான் ஆகாது. நான் தூக்கச் சொல்லலையே. மாத்தச் சொன்னேன்." பிசியோ குனிந்து கழன்ற செருப்பை எடுத்து டிரைவரின் காலில் மாட்டினாள். "இவரோட இடது கால் நல்லாவே இருக்கு. வலது கால்ல இப்பதான் உயிர் வருது. தினமும் அது தரையில ஊணணும், எடை வாங்கணும், அப்பதான் வரும். நீங்க இப்படி மூட்டை மாதிரி தூக்கித் தூக்கி வெச்சா இவர் கடைசி வரைக்கும் மூட்டைதான். ஒருநாள் உங்களுக்குக் காய்ச்சல் வந்தா ரெண்டு பேரும் தரையில."

குச்சி டிரைவரின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நேரமும் அவள் அதைப் பார்க்கவில்லை. ஊரையே ஏற்றி இறக்கிய மனுஷன், வார்டு முழுக்கப் பார்க்க அந்தரத்தில் தொங்கிவிட்டு, காது வரைக்கும் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் இருப்பேன்" என்றாள் பிசியோ. "இன்னொரு தடவை பாக்கலாம். அவர் காலால அவர் எழுந்திரிக்கணும். நீங்க கூட இருங்க, போதும்."

"சனிக்கிழமை வேன் வருது மேடம்" என்றாள் நாத்தனார். ஆனால் அவள் குரலில் பழைய பிடிவாதம் இல்லை.

டயர் கடை மாடிக்குத் திரும்பியதும் மாஸ்டர் பெஞ்சை ஒரு உதை உதைத்தாள். "புத்தி கெட்டது எனக்குத்தான். தூக்குறதைத் தவிர எனக்கு வேற என்ன தெரியும்? இந்த எருமையை மூட்டையாக்கிப் படுக்க வெச்சு, உங்களுக்கு மூட்டை தூக்கக் கத்துக்கொடுத்துட்டேன்."

"எருமைன்னா யாரு மாஸ்டர்?" என்றான் புஜம்.

"பெஞ்சுல படு."

அவன் படுத்தான். நெஞ்சுக்கு மேலே ராடில் பிளேட் ஏற்றி, குச்சியை அவன் தலைமாட்டில் நிற்க வைத்தாள் மாஸ்டர். "இவன் இதைத் தூக்கப்போறான். கடைசியில கை நடுங்கும். நீங்கதான் காவல். ராடு கீழ போனா மட்டும் பிடிக்கணும். மேல போயிட்டிருக்கிற வரைக்கும், எவ்வளவு மெதுவா போனாலும் சரி, தொடக் கூடாது."

சுலபமாகத்தான் தெரிந்தது. புஜம் ஏழாவது தடவை தூக்கும்போது கை நடுங்கியது, முகம் தக்காளியாயிற்று, ராடு பாதியில் நின்றது. குச்சி பட்டென்று பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"அக்கா! அது எனக்கு வந்திருக்கும்!" என்று புஜம் உண்மையாகவே கத்தினான். "ஏன்க்கா பிடுங்கினீங்க? என் ரெப்பு அது, நான் தூக்கவேண்டிய தடவை!"

மறுபடி படுத்தான். மறுபடி பிடுங்கினாள். மூன்றாவது தடவையும் பிடுங்கினாள். மற்றவன் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு கையைச் சும்மா வைத்திருப்பது இத்தனை எடையையும் தூக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து யாருடைய தட்டும் காலியாக இருக்கப் பொறுக்காதவள் அவள். நாலாவது தடவை, ராடு நடுவழியில் நின்று நடுங்கியபோது, ராடுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டுக் கையை விரித்து நின்றாள். உதட்டைக் கடித்தாள். ராடு நின்றது. நின்றது. பிறகு, அப்பாடா, எறும்பு ஊர்வது மாதிரி மேலே போனது!

"பாத்தீங்களா!" என்று புஜம் துள்ளி எழுந்தான். "வந்துச்சு பாத்தீங்களா!"

குச்சிக்குப் புல்லரித்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டிரைவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "தூக்குறதுக்கு வந்தியா?" என்றார்.

"இல்ல. எழுப்ப வந்தேன். உக்காருங்க."

"எதுக்கு?"

"மூக்கு, கால் விரலுக்கு நேரா வர்ற வரைக்கும் முன்னால சாய்ங்க."

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்டி நான். எனக்கு நீ வழி சொல்றியா?"

"கியர் எங்க இருக்குன்னு தெரியாம முழிக்கிறவருக்கு யாராவது சொல்லித்தானே ஆகணும்."

எதிர்க் கட்டில்காரர் இருமுவது போலச் சிரித்தார். டிரைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. சாய்ந்தார். இடது காலை ஊன்றினார். வலது குதிகாலைக் குச்சி கையால் தரையில் வைத்து, பாதத்தின் மேல் தன் உள்ளங்கையை அழுத்தி, "இது தரை. இதைக் கீழ தள்ளுங்க" என்றாள். அவர் பின்பக்கம் மெத்தையை விட்டு நாலு விரல் எழுந்தது. உடனே பொத்தென்று உட்கார்ந்தார்.

"முடியல."

"கால் முடியலையா, மனசு முடியலையா?"

அவர் இடது கையால் மெத்தை விளிம்பைப் பிடித்தார். பிறகு, "அன்னிக்கு அந்த பாத்ரூம் தரையில... நீ ஓடி வந்து பிடிச்ச. ரெண்டு பேரும்ல விழுந்தோம். உன் மண்டை சுவத்துல இடிச்ச சத்தம் எனக்கு இன்னும் கேக்குது" என்றார்.

குச்சி அதை மறந்தே போயிருந்தாள். எழுந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த அவருடைய சாமான் பெட்டியை ஒரு கையால் தூக்கி, அவர் முகத்துக்கு நேரே அப்படியே பிடித்தாள். கை நடுங்கவில்லை.

"அன்னிக்கு இருந்தவ இல்ல நான். இன்னிக்குப் பாத்தீங்கல்ல? நீங்க விழுந்தா பிடிப்பேன். விழலேன்னா தொட மாட்டேன். இப்ப மூக்கை முன்னால கொண்டாங்க."

டிரைவர் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "என் பேண்ட்டா அது?" என்றார்.

"பேச்சை மாத்தாதீங்க. மூக்கு!"

புதனும் வியாழனும் பார்வையாளர் நேரம் முழுக்க இதே கூத்து. காலையில் கஞ்சியோடு முட்டையும் பருப்பும் வேண்டும் என்று அவரே நர்ஸிடம் கேட்டு வாங்கினார். "செங்கல் இல்லாம எப்படி?" என்றாராம். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மறுபடி அதே கட்டில், அதே நாற்காலி, அதே முகங்கள். புஜத்துக்கு இந்தத் தடவை வங்கியில் வயிற்றுவலி. குச்சிக்குப் பயமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை இந்தப் பயம் இல்லை. தன் உடம்பு தன் பேச்சைக் கேட்கும் என்று தெரியும். இன்று வேலை அவளுடைய உடம்புக்கு இல்லை.

டிரைவரின் இடுப்பில் பிசியோ அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டிவிட்டாள், பிடிப்பதற்கு. குச்சி அவர் முன்னால் முழங்காலை மடக்கி நின்றாள். பெல்ட்டின் இரண்டு பக்கமும் கையை வைத்தாள், ஆனால் விரல் மடங்கவில்லை.

"மூக்கு" என்றாள்.

அவர் சாய்ந்தார்.

"மூச்சைப் பூட்டாதீங்க, விடுங்க. குதிகால். தள்ளுங்க!"

டிரைவர் தள்ளினார். மெத்தை 'கிறீச்' என்றது. பின்பக்கம் எழுந்தது. நாலு விரல். ஒரு ஜாண். அங்கே நின்றுபோனார். வலது தொடை கம்பி மாதிரி அதிர்ந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. முகம் தக்காளியாயிற்று.

குச்சியின் விரல்கள் துடித்தன. இப்போது ஒரு இழுப்பு இழுத்தால் போதும்! யாருக்கும் தெரியாது! இத்தனை வாரம் தின்ற முட்டையும் தூக்கிய இரும்பும் அவள் கைக்குள் வந்து நின்று, இழு இழு என்றன. அவள் இழுக்கவில்லை. கீழே போகிறாரா? இல்லை. மேலே போகிறாரா? அதுவும் இல்லை. நிற்கிறார்.

"அண்ணே!" என்று ஜன்னல் பக்கமிருந்து ஒரு அலறல். "குதிகாலை அழுத்துண்ணே! குதிகாலு! அண்ணி சொல்றது காதுல விழலையா உனக்கு? தள்ளு!"

நாத்தனார்! ஆஸ்பத்திரி வார்டு என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. எதிர்க் கட்டில்காரரும் "தள்ளு தள்ளு" என்றார். புஜம் வாயைத் திறந்தான். மாஸ்டர் அவன் வாயைப் பொத்திவிட்டு, தான் கத்தினாள். "ஷ்ஷ்" என்று சொல்ல வந்த நர்ஸ், "தள்ளுங்க சார்" என்று சொல்லிவிட்டாள்.

எறும்பு ஊர்ந்தது. டிரைவரின் முட்டி நிமிர்ந்தது. இடுப்பு நிமிர்ந்தது. குச்சி தலையை உயர்த்தி உயர்த்தி, கடைசியில் அண்ணாந்து பார்க்கவேண்டியதாயிற்று. அவர் இவ்வளவு உயரம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"நிக்கிறேனா?" என்றார் டிரைவர்.

"நிக்கிறீங்க."

"நீ பிடிச்சிருக்கியா?"

குச்சி இரண்டு கையையும் கொஞ்சம் விலக்கி, விரித்துக் காட்டினாள்.

"சரி, இப்ப இடது காலைத் திருப்பி, மெதுவா நாற்காலியில உக்காரணும்" என்றாள் பிசியோ.

"உக்கார மாட்டேன்" என்றார் டிரைவர். "ரெண்டு மாசமா உக்காந்தாச்சு, படுத்தாச்சு. கொஞ்ச நேரம் நிக்கிறேன்." நின்றபடியே ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "அந்தப் பஸ்ஸை எவன் இவ்வளவு கோணலா நிறுத்தியிருக்கான்?"

"ஏங்க, சொன்னாக் கேளுங்க, கால் நடுங்குது, திரும்புங்க. ஆங், அப்படித்தான். நாற்காலி பின்னால தொடையில படுதா? இப்ப இறங்குங்க. மெதுவா! பொத்துனு விழக் கூடாது! இறங்குறதும் வேலைதான்!"

அவர் இறங்கினார். கடைசி ஜாண் கொஞ்சம் வேகமாகப் போயிற்று. அங்கே மட்டும் குச்சியின் விரல்கள் பெல்ட்டில் மடங்கின, பிடித்தன, விட்டன. டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு செருப்பும் காலிலேயே இருந்தன.

எல்லாரும் பிசியோவைப் பார்த்தார்கள். பிசியோ பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். "வீட்ல பாத்ரூம்ல பிடிக்க ஒரு கம்பி போட்டுடுங்க" என்றாள். "நாளைக்குக் காலையில கூட்டிட்டுப் போகலாம்."

நாத்தனார் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள். "ஹலோ, இல்லமா? அந்த வேன் வேணாம்ங்க... இல்லங்க, வேற இடம்லாம் பாக்கல. எங்கண்ணன் எழுந்திரிச்சிட்டாரு. ஆமாங்க, நிக்கிறாரு. அண்ணி கூட இருந்தாங்க." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் அதையே முதலிலிருந்து சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ பாவம், கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டரும் புஜமும் ஒருவரை ஒருவர் முதுகில் அறைந்துகொண்டார்கள். குச்சி மட்டும் டிரைவரின் எதிரே அப்படியே குந்தியிருந்தாள். அவருக்கு மூச்சு வாங்கியது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வேர்வை மூக்கு நுனியில் சொட்டாக நின்றது. இடது கையை நாற்காலியின் பிடியில் ஊன்றி, மூக்கைக் கால் விரலுக்கு நேராகக் கொண்டுவந்தார்.

"என்னங்க?" என்றாள் குச்சி.

"தள்ளி நில்லு" என்றார் டிரைவர். "இன்னொரு தடவை."